இண்டக்ஷன் அடுப்புக்கு மாறியவர்கள் வாருங்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

ஓஎம்ஆர் வாடகைக்குடி

பொங்கல் போய் மாதங்கள் ஆகிவிட்டன, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு மாறியபோது கேஸ் கனெக்ஷனை மாற்றவே இல்லை, ஒற்றை இண்டக்ஷனை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தோம். பொங்கலுக்கு அத்தை தஞ்சாவூரிலிருந்து வெண்கலப் பானையோடு வந்து இறங்கினார். மஞ்சள் கொத்து கட்டி, பொட்டு வைத்து, பால் ஊற்றி, நல்ல நேரம் பார்த்துத் தூக்கி வைத்தால் அடுப்பு கீங் கீங் என்று கத்துகிறது. அத்தை பானையை இறக்கி, அடியை முந்தானையால் துடைத்து, மறுபடி வைத்தார். மறுபடி கத்தல். “ஏம்மா, இதுக்கு என்னதான் வேணுமாம்?” என்றார். காந்தம் ஒட்டாத பாத்திரம் இதில் சூடாகாது என்று நான் என்னத்தைச் சொல்ல! “எங்க மாமியார் காலத்துலேர்ந்து பொங்குற பானை இது” என்கிறார்.

கடைசியில் நானும் கணவரும் பானையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு எதிர் ஃப்ளாட்டுக்கு நடந்தோம். அவர்கள் கேஸ் அடுப்பில்தான் பொங்கியது. “பொங்கலோ பொங்கல்” என்று கத்தியதும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். ஊருக்குக் கிளம்பும்போது பானையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார் அத்தை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முறுகல்தோசை

பானையாவது பரவாயில்லை. எனக்கு தினமும் தோசைப் பிரச்சினை. இரும்புக் கல்லில் காந்தம் நச்சென்று ஒட்டுகிறது, அடுப்பும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கல்லின் நடுவில் மட்டும் காபி டபரா அகலத்துக்குக் கருகி, ஓரமெல்லாம் வெள்ளையாக மாவு மாவாக நிற்கிறது. அடியில் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) சின்னது, கல் பெரியது. நெருப்பு என்றால் ஓரம்வரை நக்கிக்கொண்டு போகும், இதற்கு அந்தப் பேச்சே கிடையாது. வீட்டுக்காரர் ஓரத்தைப் பிய்த்துத் தட்டின் விளிம்பில் அடுக்கிவிட்டு, நடுவை மட்டும் தின்றுவிட்டு ஆபீசுக்குப் போனார். அந்த வட்ட வட்டமான ஓரங்களை நான் எடுத்துக் கொட்டிய எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

இப்போது கல்லைக் குறைந்த சூட்டில் வைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போய்விடுகிறேன். மெதுவாக ஓரம்வரை சூடு பரவிய பிறகு சின்ன சின்ன தோசையாக ஊற்றினால் சுமாராக வருகிறது. ஹோட்டல் நெய்ரோஸ்ட் கனவெல்லாம் போயே போச்சு.

பழைய வயர்மேன்

என் அனுபவம் சின்னது. மகள் வீட்டில் ரசம் கொதிக்கும்போது மீன் கருகும் நாற்றம் வந்தது. சைவ வீடு. போய்ப் பார்த்தால் இண்டக்ஷனை மிக்ஸி போடும் சின்ன பிளக்கில், அடாப்டர் வழியாகச் சொருகியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் இளகி அடாப்டரும் பின்னும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. கீசர், ஏசி போடும் பெரிய 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும், அதற்குத் தகுந்த தடிமனான வயரும் வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மெல்லிய வயரையே விட்டுவைத்தால் சுவருக்குள் சூடாகும், அது வெளியே தெரியாது. சமையல் முடிந்ததும் சுவர் சுவிட்சைப் பட்டென்று அணைக்காதீர்கள். உள்ளே ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி நிற்கட்டும், இல்லாவிட்டால் அடுப்புக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டின் ஆயுள் குறையும்.

பாத்திர விஷயம்: எவர்சில்வர் என்றாலே வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். நிக்கல் கூடுதலாகக் கலந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கழற்றி எடுத்துப் போங்கள். பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்துப் பயனில்லை, அடியில் ஒட்ட வேண்டும். அலுமினியக் குக்கர் வாங்கினால் அடியில் இரும்புத் தகடு பதித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் பில்லைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் மொத்த வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் நல்ல பங்கு பாத்திரத்தின் பக்கவாட்டில் வீணாகிவிடும், இண்டக்ஷனில் விரயம் குறைவு. ஆக ஒரு சிலிண்டர் வேலைக்கு 130 முதல் 150 யூனிட் பிடிக்கும். தமிழ்நாட்டில் ரெண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள கட்டணப் படிகளிலும் விலை ஏறிவிடும். ஏற்கெனவே ஏசி ஓட்டுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கரண்டி

வயர்மேன் சார், கணக்கெல்லாம் சரி. தாளிப்புக் கரண்டிக்கு உங்களிடம் கணக்கு இருக்கிறதா? இரும்புக் கரண்டிதான், காந்தமும் ஒட்டுகிறது. அடி சின்னதாக இருப்பதால் ‘பாத்திரம் இல்லை’ என்று அடுப்பு அணைந்துவிடுகிறது. சம்பந்தி வீட்டார் இலை முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது, சாம்பார் தாளிக்காமல் நிற்கிறது, நான் எண்ணெய்க் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்போடு மல்லுக்கட்டுகிறேன். கடைசியில் தோசைக்கல்லைச் சூடாக்கி, அதன் மேல் கரண்டியை வைத்துக் கடுகு வெடிக்கவிட்டேன். வெடித்து முடிப்பதற்குள் அவர்கள் பொரியலைத் தின்று தீர்த்துவிட்டார்கள்.

சுட்ட அப்பளத்தைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.

வெள்ளவத்தை

நான் கொழும்பு. 2021 கடைசியில் எங்கள் நாட்டில் வீடுகளில் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்துக்கொண்டிருந்த நேரம், அம்மா பயந்துபோய் இண்டக்ஷன் வாங்கச் சொன்னார். பிறகு கேஸே இல்லாமல் போனது, ரோட்டில் வெறும் சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. எங்களிடம் இண்டக்ஷன் இருக்கிறதென்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். பெருமை அதோடு சரி.

எந்தக் குழுவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் என்று பட்டியல் வரும், அதைப் பார்த்துத்தான் உலை வைப்பது. பிட்டு அவிக்கிற பழைய பானை அலுமினியம், இதில் சரிவராது. புதிதாக வாங்கிய பானைக்கு வாய் அகலம். நீத்துப்பெட்டியை (பிட்டு மாவை வைத்து அவிக்கிற ஓலைக் கூடை) வைத்தால் அது மாவோடு அப்படியே உள்ளே இறங்கிவிட்டது! அம்மா கையை விட்டு எடுக்கப் பார்க்க, அந்த நேரம் பார்த்துக் கரண்டும் நின்றது. கைபேசி வெளிச்சத்தில் தண்ணீரில் மிதந்த அரிசிமாவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. தேங்காய்ப்பூ (தேங்காய்த் துருவல்) அன்றைக்கு என்ன விலை என்று அவருக்குத்தான் தெரியும். பிறகு பின்வளவில் மூன்று கல் வைத்து விறகில் அவித்தோம்.

பள்ளிக்கரணை

வெள்ளவத்தை சொல்வது எங்களுக்கு நன்றாகப் புரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அடுக்களையில் பளபளவென்று கறுப்புக் கண்ணாடி அடுப்பு, பக்கத்தில் கைக்குழந்தைக்குக் காய்ச்ச வேண்டிய பால். இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான், இதைத் தாங்காது. மேல்வீட்டு அக்கா கயிற்றில் பிளாஸ்கைக் கட்டிப் பால்கனி வழியாக இறக்கினார். அன்றிலிருந்து ஒரு சின்ன சிலிண்டர் பரண்மேல் இருக்கிறது. இண்டக்ஷன் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதல் பதிவு போட்டவரும் ஒரு கேஸ் கனெக்ஷன் எடுத்துவிடலாம். அத்தையும் சமாதானமாவார்.

முறுகல்தோசை

புயல் தினமுமா வருகிறது? பால் பொங்கினால் துடைப்பதற்கும், கோடையில் அடுக்களையில் வேர்க்காமல் நிற்பதற்கும் நான் இதை விடமாட்டேன். என் புகாரெல்லாம் தோசைக்கு மட்டும்.

பாட்டியின் பேத்தி

எங்கள் வீட்டில் பாட்டிதான் சமைப்பார். அவருக்குத் தீ எரிகிறதா என்று பார்த்தே பழக்கம், கண்புரையால் இந்தக் கண்ணாடிமேல் இருக்கும் எழுத்தும் தெரியவில்லை. திருகும் குமிழும் இல்லை, தடவினால் எல்லா இடமும் ஒன்றுபோல வழவழ. ஒரு நாள் வந்து பார்த்தால், ஆன் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, குறைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன கறுப்புப் பொட்டு. அவரே ஒட்டியிருக்கிறார். விரலால் பொட்டைத் தேடி, அதற்கு வலப்பக்கம் அழுத்துகிறார். ஈரக்கை பட்டால் ஏற்காது என்று தெரிந்து, முதலில் இடுப்பில் கையைத் துடைத்துக்கொள்கிறார். குக்கர் முதல் விசில் வந்ததும் கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். பருப்பு குழைவாகத்தான் வருகிறது.

பழைய வயர்மேன்

பொட்டு நல்ல யோசனை. பாட்டிக்குப் பேஸ்மேக்கர் இருந்தால் அடுப்பிலிருந்து ரெண்டடி தள்ளி நிற்பது நல்லது, டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வயர் எத்தனை எம்எம் என்று பார்த்தீர்களா?

பாட்டியின் பேத்தி

பேஸ்மேக்கர் இல்லை சார், கண்புரை மட்டும்தான். வயரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.