சூழல் மேலாண்மையா, சூழல் ஆளுகையா?

வணக்கம்.

மானிடவியலாளர் ஜெசிகா ஓரைலியைப் பற்றிய கட்டுரையில் வரும் 'என்விரான்மென்டல் கவர்னன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் 'சுற்றுச்சூழல் மேலாண்மை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலாண்மையை மேனேஜ்மென்ட்டுக்குக் கொடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஓரைலி ஆராய்ந்ததோ அண்டார்க்டிகா. அங்கே மேலாளர் என்று யாரும் இல்லை, தனி அரசும் இல்லை.

1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வைத்துத்தான் அங்கே எல்லாம் நடக்கிறது. பின்னால் சேரும் நாடு முடிவெடுக்கும் அவையில் இடம்பெற வேண்டுமானால், அங்கே கணிசமான அறிவியல் ஆய்வு செய்துகாட்ட வேண்டும். 1983இல் இந்தியா அந்த இடத்தைப் பெற்றது. ஆய்வு செய்கிறவருக்கே முடிவில் பங்கு! அப்புறம், சூழலைக் காக்க அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்த 1991இன் மாட்ரிட் நெறிமுறையைப் பாருங்கள். அங்கே செய்யப்போகும் வேலையின் பாதிப்பு சிறியதா, தற்காலிகமானதா என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொல்கிறது. சிறியது என்றால் எவ்வளவு? அதற்கு நெறிமுறையில் வரையறையே இல்லை. அந்தந்த வேலையை வைத்து, நிபுணர்களும் அதிகாரிகளும்தான் எடைபோட்டாக வேண்டும். விஞ்ஞானிகளும் கொள்கை வகுப்போரும் இப்படிச் சேர்ந்து இயங்கும் இடம்தான் ஓரைலியின் களம். 'நிர்வாகம்', 'மேலாண்மை' இரண்டிலும் இந்தப் பொருள் வரவில்லை.

'ஆளுமை'யும் வேண்டாம். தமிழ்நாடு மின்னாளுமை முகமை என்று அரசே வைத்திருக்கிறது, சரி. ஆனால் 'சூழல் ஆளுமை' என்று எழுதினால், சூழலியலில் பேர்பெற்ற ஒருவரைச் சொல்வதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நான் சொல்வது 'சூழல் ஆளுகை'. அதில் அரசவை வாடை அடிக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தமிழில் ஆள்வது அரசனுக்கு மட்டுமா உரியது? கருவியைக் கையாள்கிறோம், பழம்பாட்டின் ஓர் அடியை எடுத்தாள்கிறோம், சொல்லைப் பயன்படுத்தும் விதத்தையே சொல்லாட்சி என்கிறோம். அரியணை இல்லாமலே ஆளலாம் என்பது நம் மொழியிலேயே இருக்கிறது. அண்டார்க்டிகாவுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தோன்றவில்லை.

கட்டுரையில் முதல் தடவை 'சுற்றுச்சூழல் ஆளுகை' என்று முழுதாகவும், பிறகு 'சூழல் ஆளுகை' என்றும் எழுதலாம். 'சயின்டிஃபிக் நாலெட்ஜ்' என்பதற்கான 'அறிவியல் அறிவு' மட்டும் இன்னும் காதில் இடிக்கிறது. 'அறிவியல்வழி அறிவு' என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

அன்புடன்.