ஸ்ட்ராட் கிட்டாரில் ஹம்பக்கர்: 470 கிலோ ஓம் ரெசிஸ்டரை எங்கே இணைப்பது?

வணக்கம் நண்பர்களே. என் கிட்டாரின் மூன்று பிக்கப்களில் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குபவை) பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்), நெக், மிடில் இரண்டும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (ஒலி அளவை மாற்றும் திருகு மின்தடை) இருந்தால் ஹம்பக்கர் மந்தமாகக் கேட்கிறது. 500 போட்டால் சிங்கிள் காயில்கள் காதைக் கீறுகின்றன. 500-ஐயே வைத்து, ஒவ்வொரு சிங்கிள் காயிலுக்கும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்கு இழுத்தால், தனியாக ஒலிக்கும்போது பாட்-உடன் சேர்ந்து சுமார் 242 கிலோ ஓம். சரிதான். ஆனால் நெக், மிடில் சேரும் நான்காவது நிலையில் இரண்டு ரெசிஸ்டரும் பேரலலாகி 160-க்கு இறங்கிவிடும். அந்த நிலையின் பளபளப்பே போய்விடும்.

டோன் கண்ட்ரோல் இரண்டையும் ஒன்றாக்கி, ஐந்து நிலை ஸ்விட்ச்சின் இரண்டாம் பக்கத்தைக் காலியாக்கலாம். அங்கே நெக், மிடில் முனைகளைச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு, காமன் முனை வால்யூமுக்கு. எட்டு முனையும் ஒரே வரிசையில் உள்ள மலிவு ஸ்விட்ச்சில் இப்படிச் செய்தவர்கள் வயரிங் படம் தர முடியுமா? நிலை மாற்றும்போது ரெசிஸ்டர் சேர்கையில் 'டொக்' சத்தம் வருகிறதா?