கிணற்று நீர் கண்ணாடி போலத் தெளிவு, டிடிஎஸ் (கரைந்த உப்பின் மொத்த அளவு) 2350. குடிக்கலாமா, தென்னைக்கு விடலாமா?

தோட்டத்துவீடு எழுதியது:

காங்கேயத்துக்கு வடக்கே, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையோரம் எங்கள் தோட்டம். நான் வேலைக்காக ஓசூரில் இருக்கிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது பேனா போல இருக்கும் டிடிஎஸ் கருவியைக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். 2350 என்று நின்றது. அப்பா சிரிக்கிறார். "அந்தக் காலத்தில் வாய்க்காலில் சிவப்பும் நீலமும் ஓடியது. இப்போது பார், அடியில் கிடக்கிற கல் தெரிகிறது. தண்ணீர் சுத்தமாகி வருஷக்கணக்காகிறது" என்கிறார்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். தங்கை தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். தென்னையில் ஓலை நுனி காய்கிறது, குரும்பை கொட்டுகிறது. இன்னொன்றும் புரியவில்லை. மழை பெய்தால் மண் குளிரத்தானே வேண்டும்? எங்கள் தோட்டத்தில் மழை விட்ட மறுநாள் தரை சிமெண்ட் பூசியதுபோல இறுகுகிறது, தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை எழுதியது:

படிகாரம் போட்டுத் தெளியவைத்துக் குடியுங்கள், எங்கள் பாட்டி அப்படித்தான் செய்தார். அந்த அணையின் கதையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்தார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதால் சில ஆண்டுகளிலேயே, திறந்துவிடாதீர்கள் என்று பாசனக்காரர்களே கெஞ்சும்படி ஆயிற்று. அணை கட்டித் தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன விவசாயிகள் வேறு எங்காவது உண்டா?

பழையசாயமாஸ்டர் எழுதியது:

படிகாரம் கலங்கலை அடியில் இறக்கும், உப்பைத் தொடாது. காய்ச்சினால் கிருமி சாகும். தண்ணீர் ஆவியாகிப் போவதால் மிச்சத்தில் உப்பு கூடத்தான் செய்யும். இரண்டையும் மறந்துவிடுங்கள்.

திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போட்டே என் தலை நரைத்தது. உங்கள் அப்பா நிறத்தைப் பார்க்கிறார். சாயப்பட்டறைக்காரர்களும், சோதனைக்கு வந்தவர்களும், ஊராரும் அதைத்தான் பார்த்தார்கள். நிறத்தை எடுப்பது பெரிய வித்தை இல்லை. குளோரின் போட்டால் போகும், ஓசோன் விட்டால் போகும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் பாரம் நிறத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது. தண்ணீரில் நனைந்த நூலும் சாயமும் ஒரே மின்னேற்றம் உடையவை, ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலை நெருங்கும். நடுத்தர நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் என்று வையுங்கள். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தில் 400 கிராம் உப்பு. 'விஞ்ச்' என்ற பழைய சாய இயந்திரத்தில் தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும், உப்பும் அப்படியே. கறுப்பு, கருநீலம் என்றால் இன்னும் கூடும். இதில் துணியோடு ஒரு சிட்டிகைகூடப் போகாது. அத்தனையும் அலசல் தண்ணீரில் வெளியேறும்.

அந்த உப்பு ஆற்றில் போயிற்று, அணையில் தேங்கிற்று, பாறை இடுக்கு வழியாகக் கிணறுகளுக்கு இறங்கிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிப்பது என்ற பேச்சு காரியமாயிற்று. சவ்வில் வடித்த நல்ல தண்ணீர் மறுபடி சாயத்துக்கு வருகிறது, கழிவைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். விற்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது. அதன் மேல் மழை படாமல் இருக்கவேண்டும் என்பது என் தனிக் கவலை. நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கியதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

உங்கள் பேனாக் கருவி மொத்த உப்பைத்தான் சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, அங்கே கொடுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டில் தனி, அதை அலசக்கூடாது. முடிவு வந்ததும் இங்கே போடுங்கள்.

தோட்டத்துவீடு எழுதியது:

முடிவு வந்துவிட்டது. டிடிஎஸ் 2400, குளோரைடு 980, சல்பேட் 320, கடினத்தன்மை 890, நைட்ரேட் 62. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். அப்பா இப்போது சிரிக்கவில்லை. ஆனால் "இத்தனை வருஷம் குடித்தோமே, என்ன ஆயிற்று?" என்கிறார்.

பழையசாயமாஸ்டர் எழுதியது:

இந்தியத் தர அளவின்படி டிடிஎஸ் 500க்குள் இருக்கவேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். வங்கதேசத்துக் கடலோரத்தில், குல்னா பக்கம் தாகோப்பில், உப்புத் தண்ணீர் குடித்த கர்ப்பிணிகளிடம் ரத்த அழுத்தக் கோளாறு கூடியிருந்ததை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கும் தங்கைக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம்.

நான் பயப்படுவது நைட்ரேட்டைப் பார்த்து. வரம்பு 45. அது சாயத்திலிருந்து வந்ததாக இராது. எல்லாப் பழியையும் பட்டறை மேலேயே போடக்கூடாது. கிணற்றுப் பக்கத்தில் எருக்குழியோ கக்கூஸ் குழியோ இருக்கிறதா, தென்னைக்கு யூரியா அள்ளிப் போடுகிறார்களா, பாருங்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.

வீட்டுக்கு ஆர்ஓ, அதாவது சவ்வில் வடித்து உப்பை எடுக்கும் கருவி, வைக்கலாம். 'சாஃப்ட்னர்' என்று விற்பதை வாங்காதீர்கள், அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தரும். ஆர்ஓ கழிக்கும் தண்ணீரைத் தென்னைப் பாத்தியில் விடாதீர்கள், அது இன்னும் கடுமையான உப்புத் தண்ணீர். கழுவ, துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட மாடியில் விழும் மழைநீர் நல்லது. ஆயிரம் சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததை மூடிய தொட்டியில் பிடித்து, காய்ச்சிக் குடிக்கலாம்.

கொரங்காட்டுக்காரன் எழுதியது:

மண் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சென்னிமலைப் பக்கம், எங்களுக்கும் இதே கதை. உங்கள் மண்ணில் சோடியம் ஏறியிருக்கும். உப்புத் தண்ணீர் பாய்கிற வரை அந்த உப்பே களிமண்ணை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும், குறை வெளியே தெரியாது. மழையின் நல்ல தண்ணீர் பட்டதும் பிடி விடுகிறது, மண் துகள் கரைந்து இடுக்குகளை அடைக்கிறது, காய்ந்தால் பாளமாகிறது. மழை மேல் குற்றமில்லை.

ஜிப்சம் அதற்குத்தான். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஆனால் தள்ளிய சோடியத்தைக் கீழே இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். கிணற்று நீரைப் பாய்ச்சி அதை எதிர்பார்க்காதீர்கள். புரட்டாசிக் கடைசியில் போட்டு, வரப்பை உயர்த்தி, ஐப்பசி மழையைத் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்துங்கள். எத்தனை மூட்டை என்பதை மண் பரிசோதனைக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். கடைக்காரர் சொல்லும் கணக்கு அவருடைய இருப்பைப் பொறுத்தது. தென்னையைச் சுற்றிக் குழி எடுத்து தேங்காய் மட்டையைப் புதைத்தால் ஈரம் நிற்கும், பாய்ச்சும் உப்பும் குறையும்.

மாட்டுக்கு இந்தத் தண்ணீர் ஆகும், பழகாத மாட்டுக்குச் சில நாள் வயிற்றுப்போக்கு இருக்கலாம். கோழிக்கு எச்சம் நீர்த்துப்போகலாம். கோடையில் டிடிஎஸ் 3000 தாண்டினால் கோழிக்கு வேண்டாம்.

தோட்டத்துவீடு எழுதியது:

எருக்குழி கிணற்றுக்கு மேட்டுப்பக்கத்தில்தான் இருக்கிறது, அப்பா இடம் மாற்ற ஒப்புக்கொண்டார். மண் மாதிரி எத்தனை அடி ஆழத்தில் எடுப்பது?

கொரங்காட்டுக்காரன் எழுதியது:

அரை அடி, ஒரு அடி, இரண்டு அடி என மூன்று ஆழத்தில் எடுத்துத் தனித்தனிப் பையில் கட்டி, ஆழத்தை எழுதி ஒட்டுங்கள். உரம் போட்ட பாத்தியிலும் வாய்க்கால் ஓரத்திலும் எடுக்காதீர்கள். கூடவே ஒரு லிட்டர் கிணற்று நீரும் கொடுங்கள், பாசனத்துக்கு என்று சொன்னால் சோடியத்தின் அளவையும் பார்த்துத் தருவார்கள்.