வீட்டுக் காணொளித் தொகுப்பு: கணினிக்கு முதலிடமா, கேமராவுக்கா?

கேள்வி:
வணக்கம். குடும்ப நிகழ்ச்சிகளையும் பிள்ளைகளின் இசைப் பயிற்சியையும் படம்பிடித்து, வீட்டிலேயே தொகுத்து வைக்க விரும்புகிறேன். என்னிடம் இருப்பவை 8 ஜிபி ராம் கொண்ட பழைய லேப்டாப்பும் ஒரு ஸ்மார்ட்ஃபோனும்தான். 4கே கேமராவும் புதிய கணினியும் வாங்க எண்ணியிருக்கிறேன். ஆனால் இரண்டையும் உயர்தரத்தில் வாங்க வசதியில்லை. எதற்கு முதலிடம் தருவது?

மறுமொழி 1:
கேமரா எந்த முறையில் பதிவுசெய்யும் என்று தெரிந்துகொண்ட பிறகே கணினியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான கேமராக்கள் எச்.264 அல்லது எச்.265 முறையில் காட்சியைச் சுருக்குகின்றன. அவற்றில் எல்லா ஃபிரேம்களும் (காணொளியின் தனித்தனிக் காட்சிகளும்) முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. அருகிலுள்ள ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதே பெரும்பாலும் எழுதப்படுகிறது. எனவே தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) ஓரிடத்தைச் சொடுக்கினால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்டுவதற்காகக் கணினி பல ஃபிரேம்களை விரித்தாக வேண்டும். பார்க்கும்போது தடையின்றி ஓடுகிற காணொளி, தொகுக்கும்போது திணறுவது இதனால்தான்.

இந்த வேலைக்கென்றே பிராசஸரிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ தனிப் பகுதி உண்டு. ஆனால் கேமரா, நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 எச்.265 முறையில் பதிவுசெய்வதானால், அதை எல்லாக் கார்டுகளும் கையாளா. ஆப்பிளின் எம்1 முதலான சிப்புகளில் அதற்கு வசதி இருக்கிறது; என்விடியாவிலோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இந்த இடத்தில் பயன்படாது. ராம் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். 4கேக்கு 32 இருந்தால் நிம்மதி.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. என்றாலும் கேமராவை இப்போதே வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. நல்ல வெளிச்சத்தில் ஃபோன் காட்சியே வீட்டுத் தேவைக்குப் போதும். இசைப் பயிற்சி என்கிறீர்கள். அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது மைக். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், பாட்டு இரைச்சலோடு கேட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பின்னாளில் கேமரா வாங்கும்போதும் மைக் செருகும் துளை இல்லாததை ஒதுக்கிவிடுங்கள்.

பழைய லேப்டாப்பையும் உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ் போன்ற மென்பொருள்களில் பிராக்ஸி வசதி உண்டு: குறைந்த தெளிவுள்ள நகலை வைத்துத் தொகுத்துவிட்டு, இறுதிக் காணொளியை மூலக் கோப்பிலிருந்து உருவாக்கலாம். டாவின்சி ரிசால்வுக்கு 8 ஜிபி ராம் மிகக் குறைவு. கேடென்லைவ் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் பல ஃபோன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற சீரான கணக்கில் பதிவுசெய்வதில்லை. தனி மைக்கில் பதிந்த பாட்டைச் சேர்க்கும்போது உதட்டசைவும் ஒலியும் விலகக்கூடும். தொகுக்கும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் மூலம் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் மைக்கையும் கணினியையும் முதலில் வாங்குகிறேன். 4கே பதிவுகளுக்குச் சேமிப்பிடம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

மறுமொழி 1:
கேமராவின் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் பதிவாகிறது என்ற கணக்கை, 8ஆல் வகுத்துப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால் நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்), அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 45 ஜிபி. தொகுப்பு நடக்கும் கோப்புகளுக்கு 1 டிபி எஸ்எஸ்டி போதும். முடிந்தவற்றை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றலாம்; ஆனால் மூலப் பதிவுகளை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் வையுங்கள்.