வெள்ளித் தண்ணீர்ப் பெட்டியும் என் கடைக்கு வந்தவர்களும்

வெள்ளிக் கம்பியை மின்சாரத்தால் தண்ணீரில் கரைத்து மருந்து என்று குடிக்கிறார்களே, அந்தக் கொலொய்டல் சில்வர் பற்றி இங்கே ஆளாளுக்கு அனுபவம் எழுதுகிறீர்கள், நானும் எழுதுகிறேன். ஆனால் நான் அதைக் குடித்தவன் இல்லை, அதைச் செய்கிற பெட்டியைத் திருத்திக் கொடுத்தவன்.

திருகோணமலை டவுனுக்குள் சின்ன எலெக்ட்ரோனிக் கடை என்னுடையது. ரேடியோவில் தொடங்கி இப்போது இன்வேட்டர், சார்ஜர் என்று ஓடுகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சனம் பாமசி பாமசியாக அலைந்த காலம் ஞாபகம் இருக்கும்தானே, அப்போதுதான் இந்தப் பெட்டிகள் கடைக்கு வரத் தொடங்கின. திறந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை: மூன்று 9 வோல்ட் பற்றரி வரிசையாகக் கட்டி 27 வோல்ட், ஒரு சுவிட்ச், இரண்டு முதலை கிளிப், அதில் இரண்டு வெள்ளிக் கம்பி. யாரோ யூடியூப்பில் பார்த்துச் செய்தது, இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற மகன் அனுப்பியது.

முதலில் வந்தவர் துறைமுகத்தில் வேலை செய்து பென்சன் எடுத்த ஒரு ஐயா. "தம்பி, இது முந்தி நல்லா வேலை செய்தது, இப்ப தண்ணி கறுக்குது, பாருங்கோ" என்று ஒரு ஜாம் போத்தலையும் கூடவே கொண்டு வந்தார். தண்ணீர் சாம்பல் நிறம், அடியில் கறுப்புத் தூள். பெட்டியில் பழுது இல்லை, கம்பியிலும் தண்ணீரிலும்தான் பிழை. கம்பி அவருடைய பேத்தியின் பழைய கொலுசை உருக்கி இழுத்தது. கொலுசு வெள்ளி 92.5 என்றாலே நூற்றுக்கு ஏழரைப் பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. அதுவும் விற்றவன் நேர்மையானவனாக இருந்தால். பெட்டியைப் போட்டால் வெள்ளியோடு செம்பும் சேர்ந்து கரையும். இந்த வேலைக்கு 999 வெள்ளி, அதாவது நூற்றுக்கு 99.9 சுத்தமான வெள்ளிதான் வேண்டும் என்று எங்கள் தெருப் பத்தரிடம் அனுப்பினேன், அவர் தனிவெள்ளியில் துளைத்தகட்டால் இழுத்துக் கொடுத்தார்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர எதுவும் சரிவராது. எங்களுக்குக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், சுத்தம் பண்ணிக் குளோரின் போட்டது. உப்புவெளிப் பக்கம் கடலோரக் கிணறு என்றால் சவர். இரண்டிலும் குளோரைட்டு இருக்கிறது. வெள்ளி அதோடு சேர்ந்ததும் பால் கலக்கியது மாதிரி வெள்ளையாகி விடும், அது வெள்ளிக் குளோரைட்டு. சிலர் பெட்ரோல் செட்டில் பற்றரிக்கு விற்கிற தண்ணீரை வாங்கி ஊற்றுகிறார்கள். கார் பற்றரிக்கு என்று அடைத்த தண்ணீரைக் குடிக்கிற மனுஷனை என்ன சொல்வது.

இனி செய்கிற விதத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு உண்மையாக ருசி பிடித்தது. நல்ல கம்பி, நல்ல தண்ணீர், நடுவில் மல்டிமீற்றர் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ஊசி அசையவே அசையாது, ஏனென்றால் சுத்தமான தண்ணீரில் மின்சாரம் போவது அருமை. கொஞ்ச நேரத்தில் வெள்ளி அயன், அதாவது மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணு, கரையக் கரைய மின்னோட்டம் ஏறும், ஏறினால் இன்னும் கரையும், கரைந்தால் இன்னும் ஏறும், பிறகு அதுபாட்டுக்கு ஓடத் தொடங்கிவிடும். அப்போது பற்றரியின் மைனஸ் பக்கத்து மறைக்கம்பியில் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி ஒன்று முளைத்து மற்றக் கம்பியை நோக்கி நீளும், பிளஸ் பக்கத்து நேர்க்கம்பி கறுக்கும், லேசான ஒரு புகை கம்பியிலிருந்து கீழே இறங்குவது வெளிச்சத்தில் தெரியும். ஐயாவின் போத்தலில் கிடந்த தூள் இதுதான், ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். இதற்கு மருந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு ரெசிஸ்டர். 27 கிலோஓம் ஒன்றைத் தொடரில் போட்டால் கம்பி இரண்டும் முட்டினால்கூட 1 மில்லிஅம்பியருக்கு மேல் போகாது. என் லாச்சியில் கிடப்பதில் மலிவான சாமான் அது, ஆனால் வந்த பெட்டிகள் அநேகமாக எல்லாம் அது இல்லாமல்தான் வந்தன.

ரெசிஸ்டர் போட்டால் இன்னொரு நன்மை, கணக்குப் பார்க்கலாம். எவ்வளவு மின்சாரம் போனால் எவ்வளவு உலோகம் கரையும் என்று சொல்கிற ஃபரடேயின் விதிப்படி 1 மில்லிஅம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 4 மில்லிகிராம் வெள்ளி கம்பியை விட்டுப் போகும். அரை லீற்றர் தண்ணீர் என்றால் 8 பிபிஎம், அதாவது லீற்றருக்கு 8 மில்லிகிராம். அதுவும் உச்சக் கணக்கு, ஒரு பங்கு மற்றக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். கிண்ணியாப் பக்கம் ஒரு தம்பி, கத்தாரால் வந்தவர், போத்தலில் 500 பிபிஎம் என்று லேபல் அடித்து விற்றுக்கொண்டிருந்தார். வெறும் தண்ணீரில் வெள்ளி ஒக்சைட்டு கரைவதே லீற்றருக்குப் பத்துப் பதினைந்து மில்லிகிராம் அளவுக்குத்தான், அதற்கு மேல் போனால் ஒன்றில் தூளாகி அடியில் இறங்கும், இல்லை கம்பியில் படியும். 500 என்பது அந்த லேபலில் மட்டும்தான் இருந்தது. கேட்டேன், "மீற்றர் காட்டுது அண்ணே" என்றார்.

அந்த மீற்றரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணுகிறார்கள். தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க விற்கிற இந்த டிடிஎஸ் மீற்றர் வெள்ளியை அளக்கிறதே இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி பிபிஎம் என்று காட்டுகிறது, அந்த எண்ணும் உப்புக் கரைசலை வைத்து முடிவுகட்டியது. சந்தை இரைச்சலைக் கேட்டு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஊகிக்கிற வேலை அது, யார் நிற்கிறார் என்று அதற்குத் தெரியாது. அந்தத் தம்பிக்கு முன்னாலேயே அவருடைய மீற்றரை எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தேன், நூற்றுக்கணக்கில் காட்டியது. "அப்ப என்ட கிணத்துல வெள்ளி ஓடுதா?" என்றேன். சிரித்தார், ஆனால் விற்பதை நிறுத்தவில்லை. வடித்த தண்ணீரைத் திறந்து வைத்தால்கூட காற்றில் இருக்கிற கரியமில வாயு கரைந்து எண் கொஞ்சம் ஏறும்.

அடுத்தது லேசர். கீரிங்கில் தொங்குகிற சிவப்பு லைட்டை இருட்டில் போத்தலுக்குள் அடித்து, கோடு தெரிந்தால் 'கொலொய்ட் ரெடி' என்பார்கள். கொலொய்ட் என்றால் கரையாமல் தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய துணிக்கை. கோடு தெரிவது டிண்டால் விளைவு, உள்ளே துணிக்கை இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. வெள்ளியோ தூசியோ ஒரு சொட்டுப் பாலோ, எல்லாவற்றுக்கும் கோடு விழும். அயனாகக் கரைந்த வெள்ளிக்குக் கோடே விழாது. பெட்டியில் வருகிற நிறமில்லாத தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் இந்த அயன்தான், கொலொய்ட் என்று பேர் மட்டும். நிஜத் துணிக்கை, அதுவும் 10, 20 நனோமீற்றர் அளவில் இருந்தால், அது ஊதா-நீல ஒளியைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மஞ்சளாகத் தெரியும். அதற்காகத்தான் சிலர் சூடாக்கி, துளி சோடியம் கார்பனேற்றும் குளுக்கோசும் போடுகிறார்கள், குளுக்கோஸ் அயனைத் துணிக்கையாக மாற்றுகிறது. செய்து பார்த்தேன், இளந்தேயிலை நிறத்தில் வந்தது, பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

எனக்குப் பிடித்த சோதனை உப்புத்தான். எங்கள் லேனில் ஏ/எல் கெமிஸ்ட்ரி ரியூசன் கொடுக்கிற மிஸ் ஒருவர் கடைக்கு வந்தபோது ஐயாவும் இருந்தார். மிஸ் ஒரு கிளாசில் ஐயாவின் புது வெள்ளித் தண்ணீரை ஊற்றி, கறிக்குப் போடுகிற உப்பைக் கரைத்து அதில் ஒரு சொட்டு விட்டார். விழுந்த இடத்திலிருந்து வெள்ளைத் திரை மாதிரி ஒன்று சுருண்டு இறங்கி கிளாஸ் முழுக்க மங்கிப்போனது. "ஐயா, உங்கட வயித்துக்குள்ள ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கு. இது உள்ள போனா இதேதான் நடக்கும்" என்றார் மிஸ். பிறகு அந்தக் கிளாசை வாசலில் வெயிலில் வைத்தோம். திருகோணமலை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வெள்ளை ஊதா கலந்த சாம்பலாகத் திரும்பத் தொடங்கியது. ஃபிலிம் கமரா காலத்தில் ஸ்டூடியோக்காரர் பிழைத்தது இந்த வித்தையை வைத்துத்தான், வெள்ளி உப்பு வெளிச்சத்தில் கறுக்கும்.

ஐயா அதுவரைக்கும் விளையாட்டாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ், மனுஷத் தோலிலும் ஏறக்குறைய இதுதான் என்றதும் முகம் மாறியது. வருஷக்கணக்கில் குடித்தால் வெள்ளி தோலில் தங்கி, வெயில் படுகிற முகத்திலும் கையிலும் நீலச் சாம்பலாக நிறம் ஏறும், ஆர்ஜீரியா என்று பேர், மருந்தால் திரும்பாது. அமெரிக்காவில் போல் கராசன் என்றொருவர், வீட்டில் செய்ததைக் குடித்துக் குடித்து முழு நீலமாகி 2008இல் டிவியில் வந்தார், 2013இல் இறந்தார். மொன்டானாவில் ஸ்டான் ஜோன்ஸ் என்ற அரசியல்வாதியின் கதைதான் எங்களுக்குக் கிட்ட வருகிறது: 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினியெல்லாம் குழம்பி மருந்து கிடைக்காமல் போகும் என்று பயந்து 1999இல் இதைக் குடிக்கத் தொடங்கியவர் அவர். அங்கே பயந்தது நடக்கவில்லை, இங்கே நடந்தது. அதனால்தான் ஐயாவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்து என்று சொன்ன ஒரு பாணிக்காகக் கேகாலையில் கூட்டம் கூடியபோதும் வரவில்லை.

கணக்கை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். காலையும் இரவும் ஒரு டம்ளர், அதாவது 400 மில்லிலீற்றர், 8 பிபிஎம் என்றால் நாளுக்கு 3.2 மில்லிகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகவரகம் தாங்கலாம் என்று வைத்திருப்பது நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், 60 கிலோ ஆளுக்கு 0.3 மில்லிகிராம். பத்து மடங்குக்கு மேல் போகிறது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 10 கிராம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, இந்த வேகத்தில் அது எட்டரை வருஷத்தில் முடிந்துவிடும். ஐயா கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப காலுக்கு?"

சீனி வருத்தக்காரர், காலில் ஆறாத புண், அதிலும் இதை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த இடத்தில் நான் கெமிஸ்ட்ரி பேசவில்லை, மகனுக்குப் போன் போட்டேன், அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். புண்ணைச் சுத்தம் பண்ணி, அன்ரிபயோட்டிக் கொடுத்து, சீனியைக் கட்டுப்படுத்தி, இப்போது நடக்கிறார்.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பொய் இல்லை. சுட்ட புண்ணுக்குப் பூசுகிற வெள்ளைக் கிறீம் சில்வர் சல்ஃபாடயசின், 1960களிலிருந்து பாவனையில் இருக்கிறது. களிமண் நீர் வடிகட்டிகளிலும் வெள்ளி பூசுகிறார்கள். ஆனால் அதெல்லாம் வெளியே, அளவு தெரிந்து. குடிக்கிற கொலொய்டல் சில்வர் எந்த நோய்க்கும் பாதுகாப்பானதாகவோ பயனுள்ளதாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 1999இலேயே சொல்லிவிட்டார்கள். தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குளிசை எடுக்கிறவர்களும் சிப்ரோ, டெட்ராசைக்ளின் வகை அன்ரிபயோட்டிக் எடுக்கிறவர்களும் கட்டாயம் கவனியுங்கள், வெள்ளி அந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். 'எங்கட சித்த வைத்தியத்தில் வெள்ளி பற்பம் இல்லையா' என்று வருகிறவர்களுக்கு: அது வேறு பக்குவம், வேறு பொருள், கேட்பதென்றால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துச் சித்த மருத்துவர்களிடம் போய்க் கேளுங்கள், பற்றரிப் பெட்டிக்கு அதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

பால் சோதனையையும் பார்த்துவிட்டேன். இரண்டு கிளாஸ் பாலில் ஒன்றில் வெள்ளித் தண்ணீர் விட்டு வெளியே வைப்பது, அது மட்டும் கெடாமல் இருந்தால் வெள்ளி வேலை செய்கிறது என்பார்கள். எங்கள் சூட்டுக்கு விடிவதற்குள் இரண்டும் திரைந்து கிடந்தன. பாலில் இருக்கிற குளோரைட்டும் புரதமும் வெள்ளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இது சரிவந்தாலும் வராவிட்டாலும் ஒன்றும் நிரூபிக்காது. மிச்சத்தை மீன் தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள், வெள்ளி அயன் மீனின் செவுளைத் தாக்கும், கப்பிக் குஞ்சு முதலில் போகும்.

இப்போதும் பெட்டி வந்தால் திருத்திக் கொடுக்கிறேன், ரெசிஸ்டரைப் போட்டு, குடிக்க வேண்டாம் என்று மூடியில் மார்க்கரால் எழுதி. சிலர் அழித்துவிட்டுத்தான் கொண்டு போவார்கள், தெரியும். எனக்கு ஒரு ஆசை மட்டும் மிச்சம் இருக்கிறது: என் 8 பிபிஎம் கணக்கு எவ்வளவு சரி என்று பார்க்க வேண்டும். உலோகத்தின் அளவைத் துல்லியமாகக் காட்டுகிற அணு உறிஞ்சல் கருவி வைத்திருக்கிற ஆய்வுகூடத்தில் யாருக்காவது ஆள் தெரிந்தால் சொல்லுங்கள், பிரவுன் போத்தலில் ஒரு மாதிரி அனுப்புகிறேன், மீற்றர் என்ன காட்டியது என்றும் எழுதி வைக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.