ருமேனியாவில் சுவரெல்லாம் ஓவியம் வரைந்த மடங்கள்: அம்மாவை எந்த மடத்துக்குக் கூட்டிப் போகலாம்?

பாளை மகன்:
எல்லோருக்கும் வணக்கம். தம்பி ருமேனியாவில் க்ளூஜ் நகரத்தில் வேலை பார்க்கிறான், மே மாதம் அம்மாவும் நானும் போகிறோம். அம்மா பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் கிறிஸ்தவக் கோயிலிலேயே வளர்ந்தவர். வெளிச்சுவர் முழுக்க வேதாகமக் கதைகள் வரைந்த ஆர்த்தடாக்ஸ் (கிழக்கத்தியக் கிறிஸ்தவ சபை) மடங்கள் அங்கே இருப்பது தெரிந்ததிலிருந்து வேறு எந்த இடமும் வேண்டாம், அது போதும் என்கிறார். தம்பி ஒரே நாளில் ஐந்து மடங்கள் காட்டும் கார் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. இது சரிப்படுமா? நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), உள்ளே விடுவார்களா? சேலை கட்டிப் போகலாமா?

ஆற்றங்கரை அண்ணாச்சி:
தம்பி, ஐந்து வேண்டவே வேண்டாம். மூன்றாவது மடத்திலேயே கண் சலித்துவிடும், அப்புறம் எது எங்கே பார்த்தது என்றே நினைவிருக்காது. வோரோனெட்ஸ் மடம் ஒன்றுக்கே அரை நாள் ஒதுக்குங்கள். குரா ஹுமோருலுயி என்ற சிற்றூரில் இறங்கினால் பக்கம்தான், க்ளூஜிலிருந்து அங்கே ரயிலே போகிறது. ஆனால் பகலில் பாதி பயணத்திலேயே கழிந்துவிடும் என்பதால் ஓர் இரவு அங்கே தங்குவது நல்லது.

மாவீரன் ஸ்டெஃபான் என்று அவர்கள் கொண்டாடும் மன்னர் 1488-இல் கட்டியது, நாலு மாதம்கூட ஆகவில்லை கட்டி முடிக்க. வெளிச்சுவர் ஓவியங்கள் அதற்குப் பிந்தியவை, 1547-இல் பேராயர் கிரிகோரியே ரோஷ்கா முயற்சியிலே வரைந்தவை. மேற்குச் சுவரில் ஜன்னலே கிடையாது, அடியிலிருந்து கூரை வரை ஒரே நியாயத்தீர்ப்புக் காட்சி. உச்சியில் தேவதூதர்கள் வானத்தைச் சுருளாகச் சுருட்டுகிறார்கள், பன்னிரண்டு ராசிகளும் அந்தச் சுருளிலேயே இருக்கின்றன. கிறிஸ்துவின் பாதத்திலிருந்து சிவப்பாய் ஒரு நெருப்பு ஆறு கீழே இறங்கி நரகத்தில் விழுகிறது. தலைப்பாகை கட்டிய துருக்கியர் கூட்டமாகத் தீர்ப்புக்குக் காத்து நிற்கிறார்கள், அவர்களோடு போரிட்டுக்கொண்டிருந்த நாடு இல்லையா. கீழே பாருங்கள், காட்டு மிருகங்கள் தாங்கள் தின்ற மனிதர்களின் கை கால்களை வாயில் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்கின்றன! தேவதூதன் ஊதுவது அந்த மலை இடையர்களின் நீளக் கொம்பு. வெளிப்படுத்தின விசேஷம் படித்த அம்மாவுக்கு வழிகாட்டியே தேவைப்படாது, அம்மாதான் உங்களுக்குச் சொல்லித் தருவார். தெற்குச் சுவரில் இயேசுவின் வம்சாவளியை மரமாகக் காட்டும் ஈசாயின் மரம், அதையும் விட்டுவிடாதீர்கள்.

முக்கூடல் வாசகன்:
அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வோரோனெட்ஸ் ஓவியங்களின் பின்னணியில் இருக்கும் நீலம் அசுரைட் என்ற கல்லை அரைத்து எடுத்தது. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரைந்துவிடுவார்கள், காயக் காயச் சுண்ணாம்பு இறுகி நிறத்தைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மழையிலும் பனியிலும் இத்தனை நூற்றாண்டு நிற்கிறது. அப்படியும் வடக்குச் சுவர் காற்றும் மழையும் அடித்து நிறைய அழிந்துவிட்டது, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மற்றப் பக்கங்களை அகலமான கூரை விளிம்பு ஓரளவு காப்பாற்றியிருக்கிறது.

கிளம்பும் முன்னால் நம் நெல்லைப் பக்கத்துத் திருப்புடைமருதூருக்கு ஒரு தடவை போய் வாருங்கள் என்பேன். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே மாடி மாடியாகச் சுவரோவியம், குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கூட இருக்கிறது. மேலே ஏற முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். தன் ஊரில் கண்ட கொம்பையும் குதிரையையும் புராணத்துக்குப் பக்கத்திலேயே வரையும் அந்தத் துணிச்சல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இங்கே பார்த்துவிட்டு அங்கே போனால் கண் தானாகவே தேட ஆரம்பிக்கும்.

செங்கோட்டை அக்கா:
சேலை தாராளமாகக் கட்டலாம் தம்பி, உள்ளே போகும்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டால் போதும். எந்தச் சபை என்று யாரும் கேட்பதில்லை. நற்கருணை மட்டும் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்குத்தான், படங்கள் நிறைந்த திரைச்சுவருக்கு அப்பால் போகக் கூடாது. உள்ளே படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். மெழுகுவர்த்தி ஏற்ற வெளியே தனி இடம் உண்டு, உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பக்கம், மரித்தவர்களுக்கு ஒரு பக்கம். அம்மா உங்கள் அப்பாவுக்காகவோ தாத்தா ஆச்சிக்காகவோ ஏற்ற விரும்பலாம், கையில் சில்லறை வைத்திருங்கள். 1785-இல் ஆஸ்திரிய ஆட்சி மூடிய மடம் வோரோனெட்ஸ், 1991-இல்தான் கன்னியாஸ்திரீகளோடு திரும்பத் திறந்தது. ஆராதனைக்கு முன் ஒருவர் நீளப் பலகையைத் தோளில் வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே கோயிலைச் சுற்றி நடப்பார். கேட்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஊரிலிருந்து வர முடியாத சொந்தக்காரர்கள் இருந்தால், பாலருவி ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் கோட்டயம். 1579-இல் கட்டிய செறியபள்ளி ஆர்த்தடாக்ஸ் கோயிலில் பீடத்துக்குப் பின்னால் பழைய வேதாகமச் சுவரோவியங்கள் இருக்கின்றன.

பாளை மகன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. ஐந்து மடக் காரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இரண்டாவதாக ஒன்று பார்ப்பதென்றால் எது? வோரோனெட்ஸுக்கு எந்த நேரம் போவது?

ஆற்றங்கரை அண்ணாச்சி:
மறுநாள் சுச்செவீட்சா போங்கள். கோட்டை மதில் சூழ்ந்த மடம், அங்கே வடக்குச் சுவரே நன்றாக இருக்கிறது. பரலோகத்துக்குச் சாய்த்த ஏணி, ஒரு பக்கம் தேவதூதர்கள் வரிசை வரிசையாக நிற்க, மறுபக்கம் ஏறுகிறவர்களைப் பிசாசுகள் காலைப் பிடித்து இழுக்கின்றன. வோரோனெட்ஸுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போங்கள், மேற்குச் சுவரில் அப்போதுதான் வெயில் விழும். அம்மா உட்காரச் சின்ன மடக்கு நாற்காலி ஒன்றை காரில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.