ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் காவிரி டெல்டாவில் சின்ன வண்டி வாங்க: டி.வி.எஸ். எக்ஸ்எல் மொபெட்டா, ஸ்கூட்டரா, 100 சிசி பைக்கா?

நாச்சியார்கோவில் புதுசு:

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் பிரெஞ்சுக் குடியுரிமை, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருக்கிறது. பூர்வீகம் காரைக்கால். ஜனவரி முதல் நாச்சியார்கோவில் பக்கம் வாடகை வீடு. வருஷத்தில் ஒன்பது மாதம் இங்கே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரான்சில். தினமும் கடைத்தெரு, வாரம் இரண்டு தடவை கும்பகோணம். வீட்டுக்குப் போகும் கடைசி அரை கிலோமீட்டர் வாய்க்கால் கரை மண்பாதை. எனக்கு 5 அடி 1 அங்குல உயரம், அவருக்கு 5 அடி 8. இரண்டு பேரும் ஓட்ட வேண்டும்.

பிரான்சில் கார் உரிமத்தை வைத்தே 125 ஸ்கூட்டர் ஓட்டுகிறோம். அதன் மேல் சர்வதேச உரிமம் எடுத்து வந்தால் போதுமா? எந்த வண்டி சரி? காரைக்காலில் வரி குறைவு, அங்கேயே பதிவு பண்ணிக்கொள் என்கிறார்கள் உறவுக்காரர்கள். செய்யலாமா? மூன்று மாதம் நின்றால் வண்டி என்ன ஆகும்?

குடமுருட்டி:

வண்டியைப் பிறகு பார்க்கலாம். முதலில் உரிமம், ஏனென்றால் உங்கள் கணக்கு அங்கேதான் இடிக்கிறது.

பிரான்சில் பி வகை (கார்) உரிமத்தோடு 7 மணி நேரப் பயிற்சி எடுத்தால் 125 சிசி ஓட்டலாம் என்ற சலுகை பிரான்ஸ் எல்லைக்குள் மட்டும்தான். சர்வதேச உரிமம் என்பது உங்கள் உரிமத்தில் இருக்கும் வகைகளின் மொழிபெயர்ப்பு. அதில் ஏ வகைக்கு (மோட்டார் சைக்கிள்) முத்திரை இல்லையென்றால் இங்கே இருசக்கர வண்டிக்கு நீங்கள் உரிமம் இல்லாதவர்தான். அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரிய விஷயம், விபத்து என்று வந்தால் உங்கள் வண்டிக்கான இன்சூரன்ஸ் பணம் வராது. எதிராளிக்குக் கம்பெனி கொடுத்த தொகையையும் உங்களிடமே திருப்பிக் கேட்கலாம்.

ஆகவே வந்ததும் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுங்கள். ஓ.சி.ஐ. அட்டைதாரருக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால்தான் ஆதார். எனவே வீட்டிலிருந்தபடியே எல்.எல்.ஆர். எடுக்கும் வழி உங்களுக்கு இப்போது இல்லை. அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, நாள் பதிவு செய்து, கும்பகோணம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை, வாடகை ஒப்பந்தம், மூன்றுக்கும் அசலும் நகலும் வேண்டும். ஒப்பந்தத்தை இரண்டு பேர் பெயரிலும் போடுங்கள், ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்றவருக்கு முகவரிச் சான்று இருக்காது. 40 வயது தாண்டியிருந்தால் படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்றும் உண்டு.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து எட்டு போடப் போகலாம். கியர் வண்டியில் எட்டு போடுங்கள். கியர் வண்டிக்கு வாங்கினால் ஸ்கூட்டருக்கும் அது செல்லும், ஸ்கூட்டரில் போட்டு வாங்கினால் ஸ்கூட்டர் மட்டும்தான். எல் போர்டு இருக்கும் காலத்தில் கணவர் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டக் கூடாது, உரிமம் உள்ள பயிற்சியாளர் மட்டும்தான் உட்காரலாம்.

காரைக்கால் பதிவு வேண்டாம். அதற்கு அந்த ஊர் முகவரி காட்டியாக வேண்டும். பி.ஒய். 02 (காரைக்கால் பதிவெண்) வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். காரைக்காலில் படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அலைச்சலிலேயே போய்விடும். கும்பகோணம் பதிவெண்ணான டி.என். 68-லேயே வாங்குங்கள்.

பதினெட்டு இஞ்ச் வீல்:

வண்டி பற்றி நான் சொல்றேங்க. அந்த அரை கிலோமீட்டர் மண்கரைதான் முடிவு பண்ணணும், கும்பகோணம் ரோடு இல்ல.

நம்ம களிமண் நனைஞ்சா டயரோட சுத்தி மேல வந்து மட்கார்டுக்குள்ள அப்பிக்கும். ஸ்கூட்டர்ல அந்த இடைவெளி ரொம்பக் கம்மி, வீலும் சின்னது. பத்தடி தாண்டறதுக்குள்ள வீல் சுத்தாம இழுக்கும். ஆக்டிவாவுக்கு முன்னாடி 12 இஞ்ச், பின்னாடி 10 இஞ்ச்தான். ஸ்பிளெண்டர் பைக்குக்கு ரெண்டும் 18 இஞ்ச். வண்டித்தடம் பள்ளத்துல இறங்கினாலும் ஏறிடும். மண் அப்பினா ஒரு குச்சியை விட்டு நோண்டி எடுக்கலாம்.

இன்னொண்ணு, நீங்க வர்ற ஜனவரி, பிப்ரவரி சம்பா அறுப்பு. ரோட்டுல நெல்லு காயும், வைக்கோல் கெடக்கும். நெல்லு மேல முன் பிரேக் பிடிச்சா வண்டி படுத்துடும், ஆக்சிலேட்டரை விட்டுட்டு நேரா உருட்டிப் போங்க. வைக்கோல் முன் ஆக்ஸில்ல சுத்தி டிரம் பக்கம் ஏறும், எக்ஸ்எல்லுக்குச் செயின் திறந்து இருக்கறதால ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள போகும். ஸ்பிளெண்டர்ல செயின் முழுசா மூடியிருக்கு. ஓடி வந்த வண்டியை வைக்கோல் மேல நிறுத்தவே நிறுத்தாதீங்க, சைலன்சர் சூட்டுல பத்திக்கும்.

அதனால ஸ்பிளெண்டர், இல்லன்னா ஷைன் 100. ரெண்டும் சீட் உயரம் 785 மி.மீ. பக்கம். உங்க உயரத்துக்கு ரெண்டு காலும் நுனிப்பாதம் எட்டும், சீட் நுரையைக் கொஞ்சம் செதுக்கினா நல்லாவே ஊனலாம். ஸ்பிளெண்டர் 112 கிலோ, ஷைன் 100 அதைவிட லேசு. ஆயில் வாங்கும்போது ஸ்கூட்டர் ஆயிலைக் கொடுத்துடப் போறாங்க, டப்பாவுல எம்.பி.ன்னு போட்டிருந்தா கியர் வண்டிக்கு ஆகாது, கிளட்ச் வழுக்கும். எம்.ஏ.ன்னு இருக்கணும்.

மதகடி:

மேலே சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். புடவையோடு, சாமான் பையோடு தினம் கடைத்தெரு போகிற அக்காவுக்கு நாலு கியர் எதற்கு? மழைக்காலம் முழுக்க அவர்கள் ஊரிலேயே இல்லை. ஜனவரியிலிருந்து கோடை வரை அந்தக் கரை காய்ந்து கல்லாக இருக்கும். என்றைக்காவது மழை பெய்தால் தார் ரோட்டு ஓரம் தெரிந்த வீட்டில் வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். ஈரக் களிமண் கரையில் எந்த வண்டியும் நல்லதல்ல, 18 இஞ்சும் சேர்த்துத்தான்.

ஸ்கூட்டர் என்றால் ஜூபிடர் பாருங்கள், இரண்டு வீலும் 12 இஞ்ச். டியூப்லெஸ் டயர் என்பதால் சீமைக்கருவேல முள் ஏறினாலும் காற்று உடனே இறங்காது, முள்ளைப் பிடுங்காமல் பங்ச்சர் கடை வரை ஓட்டிவிடலாம். கம்பி வீல் எக்ஸ்எல்லில் டியூப், முள் ஏறினால் அங்கேயே தள்ள வேண்டும்.

எக்ஸ்எல் 100-ஐத் தள்ளிவிடவும் வேண்டாம். 90 கிலோவுக்குள், கியர் கிடையாது, பின் சீட்டைக் கழற்றினால் மூட்டை ஏற்றலாம், எந்தக் கிராமத்திலும் பழுது பார்ப்பார்கள். ஆனால் 4 லிட்டர் டேங்க், 60-க்கு மேல் இழுக்காது, டிரம் பிரேக். திருவாரூர் மெயின் ரோட்டில் பஸ் பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்கத்தான் வேண்டும். வாரம் இரண்டு தடவை இரண்டு பேராகக் கும்பகோணம் போக அது பத்தாது.

என் யோசனை: உங்களுக்கு ஜூபிடர் புதிது, அவருக்கு ஸ்பிளெண்டர் பழையது.

நாச்சியார்கோவில் புதுசு:

மூன்று பேருக்கும் நன்றி. மதகடி சொன்னபடி இரண்டு வண்டி என்றே முடிவு. பழைய ஸ்பிளெண்டரில் என்ன பார்க்க வேண்டும்? மூன்று மாதம் நிறுத்துவது பற்றியும் சொல்லுங்களேன்.

பதினெட்டு இஞ்ச் வீல்:

வெள்ளத்துல முங்கின வண்டியான்னு முதல்ல பாருங்க. ஹெட்லைட் டூமைக் கழட்டினா உள்ள வண்டல் படிஞ்ச கோடு தெரியும், வண்டியைக் கழுவி விக்கறவங்க அங்க கழுவ மாட்டாங்க. ஆயில் குச்சியில மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு, விட்டுடுங்க. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கத்து வண்டின்னா உப்புக்காத்து, ஸ்விங் ஆர்ம் அடியிலயும் சைலன்சர் அடியிலயும் துருவைத் தட்டிப் பாருங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே இன்ஜினைச் சூடாக்கி வெச்சிருந்தா சந்தேகப்படணும், ஆறின இன்ஜினைத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். ஸ்டார்ட் ஆகி நீலப் புகை வந்தா பிஸ்டன் ரிங் போச்சு. சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் வீலைத் தூக்கி ஹேண்டிலை மெதுவா திருப்புங்க, நடுவுல கொக்கி மாதிரி மாட்டினா கோன் செட் (ஹேண்டில் பேரிங்) மாத்தணும்.

குடமுருட்டி:

கடன் தீர்ந்ததா என்று ஆர்.சி.யில் பாருங்கள். ஹைப்போதிகேஷன் (கடன் அடமானக் குறிப்பு) இருந்தால் அதை நீக்கும் படிவம் 35-ம் பைனான்ஸ் என்.ஓ.சி.யும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றும் படிவம் 29, 30 கையெழுத்தான பிறகே மீதிப் பணம். பெயர் மாற்ற 30 நாள், இன்சூரன்ஸ் மாற்ற 14 நாள். முதல் பதிவிலிருந்து 15 வருஷம் நெருங்கிய வண்டி வேண்டாம்.

மதகடி:

நிறுத்தும்போது: டேங்கை நிரப்பிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் துருவும் குறையும். இந்த வண்டிகளின் பேட்டரி 3, 4 ஏ.எச்.தான், மூன்று மாதத்தில் செத்துவிடும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் பேட்டரி சுத்தமாக இறங்கினால் கிக்கர் உதைத்தும் பலனிருக்காது, பெட்ரோல் பம்ப்புக்கே கரண்ட் வேண்டும். மைனஸ் வயரை முதலில் கழற்றி, பேட்டரியை வீட்டுக்குள் வையுங்கள்.

சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள், இல்லையென்றால் குளவி மண்கூடு கட்டும். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும், பழைய வேட்டி போதும். நெல் மூட்டை இருக்கும் இடத்தில் நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டுத் திண்ணையில் ஏற்றி வையுங்கள், தரையில் விட்டால் ஐப்பசி மழைக்குச் சைலன்சர் வரை தண்ணீர் வரலாம். வந்தால், திரும்பி வந்ததும் செல்ஃபைத் தொடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்து செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நாலு கிக் உதைத்து, ஆயிலைப் பார்த்துவிட்டுப் பிறகு பேட்டரியை மாட்டுங்கள். ஸ்கூட்டருக்குப் பெல்ட் பெட்டியையும் திறந்து காயவைக்க வேண்டும், கியர் ஆயிலும் மாற்ற வேண்டும்.